திருப்பியது யார்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் செய்தித்தாள்களில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. 'கனமழை காரணமாகச் சென்னையில் தரையிறங்க முடியாத விமானங்கள் பெங்களூருக்குத் திருப்பி விடப்பட்டன.' மார்கழிக் கடைசியில் போகி வந்தால் கனமழை இருந்த இடத்தில் புகைமூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றபடி வாக்கியம் அதேதான். தமிழாசிரியர் யாராவது படித்தால் சிவப்பு மையில் ஒரு கேள்வி போடுவார்: எழுவாய் எங்கே? திருப்பி விட்டது யார்?

கட்டுப்பாட்டுக் கோபுரம் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். கோபுரமும் ரேடார் அறையும் சொல்வது, 'இப்போது இறங்க முடியாது, வட்டமடித்துக் காத்திருங்கள், இன்ன நேரத்துக்கு மேல் அடுத்த தகவல்' என்பதோடு சரி. எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது வட்டத்தைவிட்டு விலகுவது, எந்த ஊருக்குப் போவது என்று முடிவெடுப்பவர் கேப்டன். அந்த முடிவில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. விமான நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல் சென்டரில், வரிசையாக வைத்த கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் டிஸ்பாட்ச்சர். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. சினிமாவில்கூடக் கதாநாயகன் காக்பிட்டில்தான் இருப்பான்.

பேருந்தில் போய்ப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் சாலை தெரியும். பின்படியில் யார் தொங்குகிறார், யார் இன்னும் இறங்கவில்லை என்பது நடத்துநருக்குத்தான் தெரியும். விசில் வராமல் வண்டி நகராது. டிஸ்பாட்ச்சர் அந்த நடத்துநர் மாதிரி. ஆனால் இந்த நடத்துநர் வண்டியில் ஏறுவதே இல்லை. எங்கோ ஓர் அறையில் இருந்துகொண்டு ஒரே நேரத்தில் பல வண்டிகளுக்கு விசில் கொடுக்கிறார்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு சட்டமாகவே இருக்கிறது. அங்கே பயணிகள் விமானம் புறப்படுவதற்கு கேப்டனும் டிஸ்பாட்ச்சரும் கூட்டுப் பொறுப்பு. இருவரும் ஒப்புக்கொள்ளாமல் விமானம் கிளம்பாது. பறக்கும்போது ஆபத்து வந்து, விமானியோடு பேசவும் முடியாமல் போனால், தரையில் இருக்கும் டிஸ்பாட்ச்சரே அவசர நிலையை அறிவிக்க வேண்டும் என்கிறது அந்த விதி. இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: டிஸ்பாட்ச்சர் ஆண்டுக்குக் குறைந்தது 5 மணி நேரமாவது காக்பிட்டில் உட்கார்ந்து, விமானிகள் வேலை செய்வதை நேரில் பார்த்திருக்க வேண்டும். தான் அனுப்பும் செய்தி எப்படிப்பட்ட நெருக்கடியில் இருப்பவர் கைக்குப் போகிறது என்பது தெரிய வேண்டாமா? இந்தியாவில் டிஸ்பாட்ச்சர்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அங்கீகாரம் தேவை.

விமானம் எங்கே திரும்பும் என்பது அது கிளம்பும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. போய்ச் சேரத் தேவையான எரிபொருள். அதற்கு மேல், எதிர்க்காற்று, சுற்றுவழி போன்றவற்றுக்காக வழக்கமாக அதில் 5 சதவீதம். இறங்க வேண்டிய ஊரில் முடியாமல் போனால் மாற்று நிலையத்துக்குப் போகும் அளவு. இவை எல்லாவற்றுக்கும் அடியில், தரையிலிருந்து 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமடிக்கப் போதுமான கடைசி இருப்பு. இந்தக் கடைசி இருப்பு வீட்டில் உப்பு ஜாடிக்குள் ஒளித்துவைத்த பணம் மாதிரி. அதைத் தொடாமல் இறங்குவதற்குத்தான் மற்ற எல்லாத் திட்டமும். 'மேகம் திரண்டிருக்கிறது, கூடுதலாகக் கொஞ்சம் போடுங்கள்' என்று கேப்டன் கேட்பதும், கூடுதல் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்று நிறுவனம் கணக்குப் பார்ப்பதும் அன்றாடம் நடப்பவை.

புயல் சொல்லிவிட்டு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள்; வர வேண்டிய விமானங்கள் பலவும் கிளம்பவே இல்லை. தொல்லை எல்லாம் சொல்லாமல் வரும் இடிமழையால்தான். கிளம்பும்போது வானிலை அறிக்கையில் இல்லாத மேகம், வந்து சேரும்போது ஓடுபாதையின் தலைமாட்டில் நிற்கும். ஐந்தாறு விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வட்டமடிக்கும்.

இந்த நேரத்தில் கேப்டனுக்குத் தெரிவது: முன்னால் இருக்கும் மேகம், எரிபொருள் அளவு, காதில் விழும் அலைவரிசை. டிஸ்பாட்ச்சருக்குத் தெரிவது வேறு பட்டியல். பெங்களூரில் ஏற்கெனவே எத்தனை விமானங்கள் போய் இறங்கிவிட்டன, நிறுத்த இடம் இருக்கிறதா, எரிபொருள் வண்டி எப்போது வரும், வெளிநாட்டு விமானமானால் குடியேற்றச் சோதனைக்கு ஆள் உண்டா, இந்த விமானிகளின் பணி நேரம் எப்போது முடிகிறது, அதற்குப் பிறகு வண்டியைத் திரும்ப ஓட்டி வர யார் இருக்கிறார்கள். பெங்களூரில் மழை இல்லை என்பது கேப்டனுக்குத் தெரியும். பெங்களூரில் இடம் இல்லை என்பது டிஸ்பாட்ச்சருக்குத்தான் தெரியும். திருச்சிக்கோ கோவைக்கோ போகச் சொல்லும் யோசனை இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிறக்கிறது.

சந்திப்பது பெரும்பாலும் எழுத்தில். 1978-இல் அமெரிக்காவில் வந்த ஏகார்ஸ் என்ற ஏற்பாடு, வானொலி வழியாகத் தந்தி போலச் சின்னச் சின்னச் செய்திகளை காக்பிட்டுக்குக் கொண்டுபோகிறது. பல விமானங்களில் இரண்டு விமானிகளுக்கும் நடுவே ஒரு குட்டி அச்சுப்பொறி உண்டு. மளிகைக்கடை ரசீது மாதிரி ஒரு சீட்டு வெளியே வரும். அதில் மாற்று நிலையத்தின் வானிலை இருக்கலாம், புதிய எரிபொருள் கணக்கு இருக்கலாம். பதில் அனுப்ப, விமானி சிறிய விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஒரே செய்தியில் ஐந்து கேள்வி கேட்பவர் மோசமான டிஸ்பாட்ச்சர். 'ஆம்', 'இல்லை' என்று முடிக்கும்படி கேட்பவர் நல்லவர்.

நியூயார்க், 1990

இந்தப் பேச்சு நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்க விமானப் பயிற்சி வகுப்புகளில் எடுத்துக்காட்டுவது ஒரு ஜனவரி இரவை.

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் போகோட்டாவில் கிளம்பி, மெடலின் நகரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது அவியாங்கா 52 என்ற போயிங் 707. உள்ளே 158 பேர். நியூயார்க்கில் அன்று மூடுபனி, தாழ்ந்த மேகம், முறுக்கும் காற்று. விமானிகள் கையில் இருந்த வானிலை அறிக்கையோ பல மணி நேரம் பழையது.

கிழக்குக் கரையோரமாக ஏறி வரும்போது மூன்று இடங்களில் நிறுத்தி வட்டமடிக்கச் சொன்னார்கள். முதலில் நார்ஃபோக் அருகே, அப்புறம் அட்லான்டிக் சிட்டி பக்கம், கடைசியாக கென்னடிக்கு வெளியே. கூட்டிப் பார்த்தால் 1 மணி 17 நிமிடம். மூன்றாவது வட்டத்தில்தான் துணை விமானி, இன்னும் ஐந்து நிமிடம்தான் தாங்கும் என்றார். உங்கள் மாற்று நிலையம் எது என்று கேட்டார்கள். பாஸ்டன் என்று வைத்திருந்தோம், இனிமேல் முடியாது, எரிபொருள் தீர்ந்துவிடும் என்றார். இந்த வாக்கியம் அடுத்த கட்டுப்பாட்டாளருக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

முதல் முயற்சியில் ஓடுபாதை கண்ணில் படவில்லை. மேலே ஏறினார்கள். அவசர நிலை என்று சொல் என்று கேப்டன் ஸ்பானிஷில் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வானொலியில் பேசியது துணை விமானி. அவர் திசை மாற்றும் உத்தரவை ஒப்புக்கொண்டு, கூடவே, 'மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்றார். 'எமர்ஜென்சி' என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை. சொன்னாயா என்று கேப்டன் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றார். கட்டுப்பாட்டாளர், உங்களை 15 மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்புகிறேன், எரிபொருளுக்குச் சரிப்படுமா என்று நேராகவே கேட்டார். சரிப்படும் என்றே நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் போனது.

கொஞ்ச நேரத்தில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரின் மரங்கள் அடர்ந்த சரிவில் விமானம் விழுந்தது. தீப்பிடிக்கவில்லை, எரிவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. 73 பேர் இறந்தார்கள், 85 பேர் பிழைத்தார்கள்.

பணிவால் நடந்த விபத்து என்று இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 'பரவாயில்லை சார்' என்று சொல்லியே வளர்ந்த நமக்கும் அந்த விளக்கம் உடனே உறைக்கும். ஆனால் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. நெரிசலான ஒரு விமான நிலையத்துக்கு மோசமான வானிலையில் போகும்போது, நிறுவனத்தின் டிஸ்பாட்ச் ஏற்பாட்டின் உதவியை விமானிகள் பயன்படுத்தாததும் விபத்துக்குத் துணைபோன காரணம் என்கிறது அந்த வரி.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் துணை விமானி எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது பெரிய கேள்விதான். அதைவிடப் பெரியது, நார்ஃபோக் மேலே முதல் வட்டம் அடித்தபோது யாரிடம் பேசியிருக்க வேண்டும் என்பது. அப்போது டாங்கில் எரிபொருள் இருந்தது. நார்ஃபோக்குக்கும் நியூயார்க்குக்கும் நடுவே வாஷிங்டன், பால்டிமோர், பிலடெல்பியா என்று பெரிய நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. கென்னடியில் எவ்வளவு தாமதம், பாஸ்டன் இன்னும் மாற்று நிலையமாக இருக்கத் தகுதியானதா, எந்த நிமிடத்தில் வட்டத்தைவிட்டு விலக வேண்டும் என்ற கணக்கை வெளிச்சமான ஓர் அறையில், காபியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் போட்டுக் கொடுத்திருக்கலாம். தானியங்கிக் கருவி வேலை செய்யாத விமானத்தைக் கையாலேயே ஓட்டிவந்து களைத்துப்போன கேப்டனுக்கு அந்தக் கணக்கு கிடைக்கவில்லை.

சொற்களின் குழப்பத்துக்கும் மருந்து கண்டார்கள், மெதுவாக. எரிபொருள் நிலையைச் சொல்ல எல்லோருக்கும் பொதுவான சொற்கள் இல்லை என்று அதே அறிக்கை குறைபட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2012-இல் விதியைத் தெளிவாக்கியது. 'மினிமம் ஃபியூயல்' என்றால், இனி ஒரே ஒரு நிலையம்தான், கூடுதல் தாமதம் தாங்காது என்ற எச்சரிக்கை. 'மேடே, மேடே, மேடே, ஃபியூயல்' என்றால், கடைசி இருப்பான அந்த 30 நிமிட எரிபொருளில் கைவைத்துத்தான் இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு. இடையில் நயமாகச் சொல்ல மூன்றாவது வாசகம் கிடையாது.

பேசியும் பயனில்லாத பேச்சு

பேசினாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2000 ஜனவரி 31 அன்று மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வழியாக சியாட்டில் போன அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261-இல், வாலில் உள்ள சமநிலைப் பலகை நகராமல் இறுகிக்கொண்டது. கேப்டன் லாஸ் ஏஞ்சலீஸில் இறங்க நினைத்தார். தரையிலிருந்த டிஸ்பாட்ச்சர், பாதுகாப்புக்காக என்றால் இறங்குங்கள் என்றார். கூடவே, அங்கே இறங்கினால் மறுபடி கிளம்ப ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகலாம், போக்குவரத்து நெரிசல் இருக்கிறது என்றும் நினைவூட்டினார். கேப்டன் தன் முடிவில் நின்றார். ஆனால் அலைவரிசையை மூடியபின், இந்த நேரத்தில் இவர்களுக்கு நெரிசல்தான் கவலை என்று சகாவிடம் புலம்பியது கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. விமானம் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள்.

விபத்துக்குக் காரணம் அந்த உரையாடல் அல்ல. சரியாக மசகு போடாததால் தேய்ந்துபோன திருகுதான். இருந்தாலும் பதிவைப் படிக்கும்போது ஒன்று புரிகிறது: டிஸ்பாட்ச்சர் சொன்னது பொய்யல்ல, தவறான உத்தரவும் அல்ல. அவர் திரையில் இருந்த உண்மையைச் சொன்னார். கேப்டன் கையில் இருந்த உண்மை வேறு. தரையில் இருப்பவர் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும், நாளைக் காலை கால அட்டவணையையும் பார்க்க வேண்டும். ஒரே வாயிலிருந்து இரண்டும் வரும்போது, கேட்பவர் காதில் இரண்டாவது மட்டும் விழுகிறது.

நம் பக்கத்திலும் கதை உண்டு. 2015 ஆகஸ்ட் 18 விடிகாலை, தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம் மங்கிய வெளிச்சத்தில் மூன்று முறை முயன்றும் இறங்க முடியவில்லை. மாற்று நிலையமாக வைத்திருந்த பெங்களூரை விட்டு, கிட்டே இருக்கும் திருவனந்தபுரத்துக்குத் திரும்பினார்கள். அங்கேயும் மூன்று முறை முடியவில்லை. எரிபொருள் அடிமட்டத்தில் இருக்க, ஏழாவது முயற்சியில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. பருவமழைக் காலத்தில் ஒரே கடற்கரையில் இருக்கும் இரண்டு ஊர்களை ஒரே மேகம் நனைக்கும். கிட்டே இருப்பதால் மட்டும் ஓர் ஊர் மாற்று ஊராகிவிடாது. இதை மேலே இருப்பவர் யோசிக்க நேரமில்லாதபோது, கீழே இருப்பவர் யோசித்துச் சொல்ல வேண்டும்.

2025 ஜூன் 19 மாலை, குவாஹாட்டியிலிருந்து 168 பேரோடு வந்த இண்டிகோ விமானம் சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திரும்பியது. பெங்களூரை நெருங்கும்போது எரிபொருள் குறைவென்று மேடே அறிவித்து, பத்திரமாக இறங்கியது. செய்தியைப் படித்தவர்கள் பதறினார்கள். என்னைக் கேட்டால், அந்த மூன்று மேடேயில் ஆறுதலும் இருந்தது. கோவ் நெக்கில் வராத சொல் இங்கே வந்தது.

இறங்கிய பிறகு

சக்கரம் தரையைத் தொட்டதும் பயணிகள் கை தட்டுவார்கள். டிஸ்பாட்ச்சருக்கு வேலையின் இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்குகிறது. 2011 அக்டோபர் 29 அன்று, பருவம் தப்பிய பனிப்புயலில் நியூயார்க் வட்டாரத்துக்கு வந்த விமானங்கள் பலவும் ஹார்ட்ஃபோர்டின் பிராட்லி நிலையத்துக்குத் திரும்பின. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக யோசித்து ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்தது. அந்த நிலையம் நிரம்பி வழிந்தது, மின்சாரமும் தடைப்பட்டது. ஜெட்புளூ 504-இன் பயணிகள் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே கிடந்தார்கள். நீரிழிவு நோயாளியும் நடக்க முடியாதவரும் உள்ளே இருந்தார்கள். சொந்த நிறுவனத்திடமிருந்து உதவி வரவில்லை, விமானத்தை இழுக்க ஒரு வண்டியாவது அனுப்ப முடியுமா என்று கேப்டன் கோபுரத்திடம் கெஞ்சிய ஒலிப்பதிவு பிற்பாடு ஊடகங்களில் ஒலித்தது.

583 பேரைப் பலிகொண்ட 1977-ஆம் ஆண்டின் டெனெரிஃப் விபத்தும் அடிப்படையில் திரும்பிவந்த விமானங்களின் கதைதான். கிரான் கனேரியா நிலையத்தில் குண்டு வெடித்ததால் மோதிக்கொண்ட இரண்டு ஜம்போக்களும் டெனெரிஃபின் சின்ன நிலையத்துக்குத் திரும்பியிருந்தன. பணி நேரம் முடிந்துவிடுமோ என்று அவற்றில் ஒன்றை ஓட்டிய கேஎல்எம் விமானிகள் ஆம்ஸ்டர்டாமில் உள்ள தங்கள் நிறுவனத்தோடு பேசிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

தரைக்கும் காக்பிட்டுக்கும் நடுவே நடந்த பேச்சுகளில் மறக்க முடியாதது இன்னொன்று உண்டு. 2001 செப்டம்பர் 11 காலை, யுனைடெட் நிறுவனத்தின் டிஸ்பாட்ச்சர் எட் பாலிஞ்சர் பொறுப்பில் 16 விமானங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றான 175, உலக வர்த்தக மையத்தின் இரண்டாவது கோபுரத்தில் ஏற்கெனவே மோதிவிட்டிருந்தது. மேலிடத்திலிருந்து உத்தரவு வருவதற்கு அவர் காத்திருக்கவில்லை. 9:19 மணிக்கு, காக்பிட்டுக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு விமானங்கள் வர்த்தக மையத்தில் மோதியிருக்கின்றன என்ற செய்தியைத் தன் விமானங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். பட்டியல் நீளம். யுனைடெட் 93-க்கு அது போனபோது மணி 9:23-ஐ எட்டியிருந்தது.

9:26-க்கு கேப்டன் ஜேசன் டால் பதில் தட்டினார்: எட், கடைசிச் செய்தியை உறுதிப்படுத்துங்கள். இருவரும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஒரு வரியில் தெரிகிறது. 9:28-க்குக் கடத்தல்காரர்கள் காக்பிட்டுக்குள் புகுந்தார்கள்.

சற்று நேரத்தில், பறக்கும் எல்லா விமானங்களும் அருகில் எங்கே முடியுமோ அங்கே இறங்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை அப்போது வானில் இருந்தன. அட்லான்டிக்கைக் கடந்து வந்துகொண்டிருந்தவற்றில் 38 விமானங்கள், சுமார் 10,000 பேர் வாழும் கனடாவின் கேண்டர் என்ற சிற்றூரில் இறங்கின. பாலிஞ்சரின் மற்ற விமானங்களும் அன்று பகலுக்குள் ஒவ்வொன்றாகத் தரை தொட்டன.